குளிருக்குப் பயந்த வேட்டைக்காரர்

என் கணவர் இன்றுவரை ஒரு மானைச் சுட்டதில்லை. ஆனால் மான் சுடப் போகிற இடத்தில் குளிராமல் படுப்பது எப்படி என்று கேட்டால் மணிக்கணக்கில் வகுப்பெடுப்பார். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிளென் வேவர்லியில் கணக்காளராக இருக்கிற மனிதர். வேலையிடத்து வெள்ளைக்காரர்களோடு ஒருமுறை மலைப்பக்கம் வேட்டைக்குப் போய் வந்த பிறகு இந்தப் பித்துப் பிடித்தது. லைசென்ஸ் எடுத்தார், துவக்கு வாங்கினார். அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் உடுப்புத்தான்.

இரண்டு குளிர்காலம் போய் வெறுங்கையோடு வந்தார். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும், "அண்ணை, மான் எல்லாம் சுகமோ?" என்று தொடங்கிவிடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். காரில் ஏறியதும் முகம் தொங்கிவிடும். எனக்கு அது பொறுக்காது. அப்படியொரு விருந்தில்தான் ரோசம் வந்து, எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் மான்கறி என்று சபையில் சொல்லிவிட்டார்.

பிறந்தநாளுக்கு முந்தின சனி ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. கூடப் போகிற கூட்டாளிக்கு நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. இவரைத் தனியே விடப் பயந்து நான் போனேன்.

ஆற்றோரமாகக் கூடாரம் அடித்தார். குளிர் எலும்புக்குள் இறங்கியது. வீட்டிலிருந்து நான் கொண்டுபோன, ரோசாப்பூப் போட்ட தடித்த போர்வையைக் கண்டதும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பார்க்க அங்கே ஒரு குருவிகூட இல்லை.

"இதையெல்லாம் ஆரும் காம்பிங்குக்குக் கொண்டருவினமே? குளிர் மேலால வாறேல்லையப்பா, நிலத்தால வாறது. உமக்கு விளங்காது."

விளங்கப்படுத்தினார். அடியில் ரப்பர் பாய், அதற்கு மேல் காற்றடித்த மெத்தை. உடம்போடு ஒட்டின கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இறகு அடைத்த ஜாக்கெட். காலுக்கு இரண்டு சோடி மேஸ், காதை மூடும் தொப்பி, கால்மாட்டில் சுடுதண்ணிப் போத்தல். இவ்வளவோடும் ஸ்லீப்பிங் பாக்குக்குள் இறங்கி, உள்ளிருந்தே சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி, தலையைச் சுற்றிக் கயிற்றையும் இறுக்கினார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பிரேதத்தைக்கூட இவ்வளவு அக்கறையாகக் கட்டமாட்டார்கள்.

"எப்பிடி?" என்று மூக்கு கேட்டது.

"நல்ல வடிவு," என்றேன். அவர் தந்த பழைய ஸ்லீப்பிங் பாக்குக்கு மேல் என் போர்வையைப் போட்டு நன்றாகத் தூங்கினேன்.

நன்றாக விடிந்த பிறகு, வெளியே போகவேண்டிய அவசரத்தில் கூடார வாசலைத் திறந்தேன். ஆற்றங்கரையில் ஒரு மான் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது. கொம்பு வைத்த பெரிய ஆண் மான், மாட்டளவு இருக்கும். துவக்கு காரில் பூட்டியிருந்தது. கார் கூடாரத்தின் முதுகோடு ஒட்டித்தான் நின்றது.

"என்னப்பா, மான்!" என்று அவர் காதுக்குள் சொன்னேன்.

எழும்ப முயன்றார். சிப் வரவில்லை. ஜாக்கெட் துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது.

"இழுமப்பா!"

இழுத்தேன்.

"மெல்ல! ஜாக்கெட் கிழியப் போகுது!"

"மான் போகப் போகுது, உங்களுக்கு ஜாக்கெட்டோ பெரிசு?"

உருண்டார், முழங்காலில் எழும்பினார், குப்புற விழுந்தார். சத்தத்துக்கு மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. பயந்து ஓடியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அது எங்களை ஆற அமரப் பார்த்துவிட்டு, மிச்சத் தண்ணீரையும் குடித்து, பற்றைக் காட்டுக்குள் நடந்து போனது.

அதற்குப் பிறகு சிப் தானாகவே வழிவிட்டது. உள்ளே மனிதருக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. குளிராமல் படுப்பதில் முழு வெற்றிதான். சிரிக்க வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அழாத குறை.

"இனி அவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறந்தநாளுக்கு ஆட்டுக்கறிதான் வைத்தேன். சட்டியைத் திறந்ததும் வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "அண்ணை, உங்கட மான் 'மே' எண்டு கத்துமோ?" என்று ஒருவர் தொடங்க, வீடு முழுக்கச் சிரிப்பு.

இந்த முறை அவர் சேர்ந்து சிரிக்கவில்லை. "மானைக் கண்டனான்," என்றார். "கைக்கெட்டின தூரத்தில நிண்டது. குட்டியோட நிண்டது. சுட மனம் வரேல்லை."

சிரிப்பு அடங்கியது. "வாயில்லாச் சீவன், பாவம்," என்று வயதான அன்ரி ஒருவர் ஆட்டெலும்பைச் சூப்பிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கேலி பண்ணினவர் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"உண்மையே அக்கா?"

கொம்பு வைத்த ஆணுக்கு எங்கிருந்து குட்டி? என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி," என்றேன். "ரெண்டு குட்டி."