கொடியைப் பார்க்காத தாபோ அண்ணன்

பட்டர்வொர்த்தில் ஃபெரிக்குக் காத்திருந்தபோது போட்ஸ்வானாவிலிருந்து தாபோ அண்ணனின் மகள் அழைத்தாள். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டாராம். வாய்விட்டு அழுதேன்.

எங்கள் பினாங்கு கால்பந்துக் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர் அவர், நான் கோல்கீப்பர். அவரைக் கொண்டாடியவர்களுக்கு மட்டுமல்ல, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

திட்டியதற்குக் காரணம் அவருடைய காற்சட்டை. மழையில் மற்றவர்கள் சேற்றில் புரண்டு எழுந்துவர, அவர் மட்டும் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்போல் மடிப்புக் கலையாமல் வெளியே வருவார். உடம்பு வளையாமல் சம்பளம் வாங்குகிறார் என்று பேச்சு கிளம்பியது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, அங்கேயே கற்ற தமிழில் அவர் சிரித்தார்: "விழுந்து பந்த எடுத்தா, நான் லேட்டா வந்தேன்னு அர்த்தம் தம்பி."

பதற்றம் வந்தால் என் வாயில் தமிழ்தான் வரும். தற்காப்பு வரிசை முன்னேற வேண்டுமென்றால் "ஏறு" என்று கத்திவிடுவேன். மலாயில் சொல் என்று பயிற்றுநர் கடிந்துகொண்டார். தாபோ அண்ணன்தான் குறுக்கிட்டார். பயத்தில் வருவதுதான் சீக்கிரம் வரும், நாங்கள் கற்றுக்கொள்கிறோம் என்றார். சில வாரங்களில் மலாய்க்காரர் இருவர், சீனர் ஒருவர், அவர் என நால்வரும் அந்த ஒரு சொல்லுக்கு ஒன்றாக நகர்ந்தார்கள்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. தோற்றால் குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அப்படி இறங்கினால் முப்பத்தைந்து வயது தாபோவை ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. அவர் பிள்ளைகள் இங்கேதான் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் சமநிலையில் முடியப் போகிற நேரம், எதிரணிக்கு ஃப்ரீகிக் கிடைத்தது. எல்லாரும் பின்னால் வந்து கோலை அடைத்து நில்லுங்கள் என்று கத்தினேன்.

தாபோ அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். எதிராளி பந்தை உதைக்க ஓடிவந்த நொடியில் அவரே குரல் கொடுத்தார்: "ஏறு!"

நால்வரும் முன்னே பாய்ந்தார்கள். எதிரணி முன்னணிக்காரர்கள் எங்கள் வரிசைக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டார்கள். ஆனாலும் பந்து அவர்களில் ஒருவன் தலையில் பட்டு என்னைத் தாண்டி வலைக்குள் போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று மண்டியிட்டேன். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டு நடுவரைப் பார்த்தது, எங்கள் வரிசையைத் தாண்டி நின்றவன் அடித்த கோல் செல்லாது என்று அவர் ஆஃப்சைடு கொடியைத் தூக்குவாரா என்று.

பார்க்காதவர் ஒருவர்தான். அவர் நேராக என் வலைக்குள் நடந்து வந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரு தம்பி. நம்ம பந்துதான்லா."

அதற்குப் பிறகுதான் நான் தலையைத் தூக்கினேன். கொடி மேலே இருந்தது.

குழு தப்பியது. திட்டிய நீங்களே அவரைத் தோளில் தூக்கிச் சுற்றினீர்கள். குழுத் தலைவரின் கைப்பட்டையோடு அவர் மேலும் சில பருவங்கள் ஆடினார். பிள்ளைகள் இங்கேயே பள்ளியை முடித்தார்கள்.

அண்ணனிடமிருந்து சட்டையோ பதக்கமோ என்னிடம் எதுவும் இல்லை. ஊரே தீர்ப்புக்காக அண்ணாந்து நின்றபோது, தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியில் அடுத்த உதைக்குப் பந்தை எடுக்க வந்தாரே, அந்த நடையை வைத்திருக்கிறேன். எனக்கு அது போதும்.