துளசி உடுத்தும் கணினி

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள் துளசி. நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு வாசல் கேட்வரை நடந்து திரும்புகிறாள். அதையும் அவிழ்த்துவிட்டு இடுப்புப் பையை மாட்டிக்கொண்டு மறுபடியும் நடக்கிறாள். மூன்றும் கணினிதானாம். உடம்பில் போட்டுக்கொள்கிற கணினி. எதிரில் இருப்பதைச் சின்ன கேமரா பார்க்கும், கணினி அதைக் காதில் சொல்லும். இணையத்தில் யார் யாரோ போட்ட டிசைன்களைப் பார்த்து மூன்றையும் அவளே கட்டினாள்.

செமோர் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரி. ஈப்போ மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்து ஈயம் பற்றவைத்தவள். இனிப்புநீர் வியாதி அந்தக் கண்ணையே பிடித்துக்கொண்டது. இடது கண் போய்விட்டது, வலதும் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது போவதற்குள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும். "அழுதா இருக்கற கண்ணும் கலங்கலாத்தான் தெரியும் பாட்டி," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கண்ணாடி இறகு மாதிரி. முகம் திரும்பும் பக்கமே அதுவும் பார்க்கும். என்னையும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மைலோ டின்னைத் தூக்கிப் பிடித்தேன். எழுதியிருந்ததை எல்லாம் காதில் படித்தது. பள்ளிக்கூடமே போகாத எனக்கு! இதுதான் வேண்டும் என்று அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். காதோரம் சுடுகிறது, ஒயர் மயிர் போல இருக்கிறது என்று அவள் குறை சொன்னாள். சுடட்டுமே.

நெற்றிப்பட்டை சுடாது. வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு, நல்ல கண்ணிலும் துணி ஒட்டி, பழகிப் பார்ப்பதற்காக மாரியம்மன் கோயிலுக்கு வந்தாள். பூசை முடிந்ததும் பழக்கத்தில் அவள் நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசிவிட்டேன். கேமராவின் மேலேயே. "ஐயோ பாட்டி, ஒண்ணுமே தெரியலங்குதுலா!" துடைக்கப் போனேன், இன்னும் அப்பிக்கொண்டது. "டிசைன் போட்ட வெள்ளக்காரன் திருநீற கண்டானா?" என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. படி இருக்குமிடம் தெரியாமல் என் கையைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

இடுப்புப் பை, பாசாரில் மீன் விற்பவர்கள் கட்டுவது. உள்ளே சோப்புப் பெட்டி அளவு பெட்டி, தடித்த ஒயர்கள், கேமரா தோள்வாரில். அவள் கணவன் பவித்ரன் லாரி ஓட்டுகிறவன். "என்னடி, பாசார்ல நண்டு விக்கப் போறியா?" என்றான்.

"ஆமா, மொத நண்டு நீங்கதான்."

அவன் உதவிக்கு வந்தால் மட்டும் விடமாட்டாள். "தொடாதீங்க. உங்க வெரலு ஒவ்வொண்ணும் வாழப்பழம். ரோசாக் ஆயிரும், ஒடஞ்சே போயிரும்."

போன வாரம் கண்ணாடியின் ஒயர் ஒன்று அறுந்தது. மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ஈயம் ஒயரில் விழாமல் விரலில் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைப் பவித்ரனிடம் நீட்டினாள். அவன் தொட்டதும் பக்கத்து ஒயரும் அறுந்தது. அவன் முகம் செத்துவிட்டது. அவள் திட்டவில்லை. இடுப்புப் பையைத் திறந்து, நன்றாக இருந்த தடித்த ஒயர் ஒன்றைத் தானே பிடுங்கி, அவன் கையில் கொடுத்தாள். பிடுங்கிய இடத்திலேயே அதை முறுக்கிச் சேர்த்தான். நின்றது.

"கண்ணாடியையே வச்சுக்கோடி, அதுதான் அழகு," என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

"அழகுதான் பாட்டி. எனக்குக் கண்ணு போனப்புறம் அறுந்தா யாரு ஒட்டுவா?"

இடுப்புப் பையை முன்னால் இழுத்து வைத்து, பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினாள். இத்தனை நாள் யாரையும் தொடவிடாத கோல். அதைப் பவித்ரன் கையில் வைத்தாள். அவள் தன் கையை அந்தப் பெரிய கையின்மேல் வைத்து, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, நல்ல கண்ணை மூடிக்கொண்டாள்.