பேனாவில் போட்ட கொலுசு

ஓவனைச் சூடேற்றினால் என் வீட்டுப் பொம்மைகள் கண் திறக்கும். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. படுக்கவைத்தால் கண் மூடுகிற பழைய காலத்துப் பொம்மைகள் அவை. வயதானதால் நிமிர்த்தி உட்காரவைத்தாலும் இமைகள் பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கும். அலமாரிக்குப் பக்கத்திலேயே ஓவன். சூடு பரவினால் பிளாஸ்டிக் இளகி, இமைகள் ஒவ்வொன்றாக ‘டிக்’ என்று மேலே போகும். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் ஒருமுறை அந்த நேரத்தில் உள்ளே வந்துவிட்டார். “இன்னாக்கா, எல்லாம் என்னியே பாக்குதுங்க” என்றவர், அடுத்த முறையிலிருந்து வாசலோடு சரி.

பாகூர் பக்கம் கரும்புக் கொல்லைகளை ஒட்டிய தெருவில், நானும் கணவரும் மட்டும் இருக்கிற வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்பவர்களிடம், வேண்டாமென்று நாங்களாகத்தான் இருந்துவிட்டோம் என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் யாராவது பரிதாபப்பட்டால் எனக்குக் கோபம் வரும். பொம்மை சேர்ப்பதற்கும் அதற்கும் முடிச்சுப் போடுபவர்களைக் கண்டால் இன்னும் அதிகமாக வரும்.

பாலை நான் விட்டதற்குக் காரணம் எதிர்வீட்டு மாடு. அதன் கன்று பிறந்த வாரமே செத்துப்போனது. எதிர்வீட்டுக்காரர் கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, குச்சிகளைக் காலாக்கி மாட்டின் முன்னால் நிறுத்தினார். மாடு அதை நக்கு நக்கென்று நக்கியது, மடி சுரந்தது, அவர் கறந்தார். ஊரில் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் அந்த வைக்கோல் கன்றுக்குக் கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. மாடு அந்த ஓட்டைகளையும் நக்கியது. தெருவில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி வைதேன். அன்றோடு பால், தயிர், வெண்ணெய், முட்டை எல்லாம் போயிற்று.

ஆனால் கேக் தின்னும் ஆசை போகவில்லை. தேங்காய்ப்பாலில் எலுமிச்சை பிழிந்து மோர்போல் திரியவைத்தேன். முட்டைக்குப் பதிலாக ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தேன். முதல் கேக்கை வைத்து சுவரில் ஆணி அடித்திருக்கலாம். பத்தாவது கேக் நன்றாக வந்தது. பிறகு பன்னும் போட்டேன், ஆர்டரும் வந்தது. டவுனில் இதை வீகன் என்கிறார்கள். எங்கள் தெருவில் நான் ‘முட்டயில்லாத கேக்கு அக்கா’.

பொம்மைகளில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கடையில் புதிதாக இருப்பதை ஏறெடுத்துப் பார்க்கமாட்டேன். ஒரு பிள்ளை வைத்து விளையாடிய தடம் இருக்க வேண்டும். கடித்த விரல், வெட்டிவிட்ட தலைமுடி, கன்னத்தில் பவுடர், இப்படி ஏதாவது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஏம்பலம் போகும் வழியில் அப்படி ஒன்று கிடைத்தது. கொல்லை ஓரத்து அம்மன் கோயிலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. பிள்ளை வேண்டுமென்று வேண்டிக்கொள்பவர்கள் அதில் சின்னத் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு பொம்மையைப் படுக்கவைப்பார்கள். பிள்ளை பிறந்ததும் கட்டியவளே வந்து அவிழ்க்க வேண்டும். ஒரு தொட்டிலின் கயிறு ஒரு பக்கம் அறுந்து, பொம்மை சருகில் குப்புறக் கிடந்தது. புரட்டினேன். இடது கணுக்காலைச் சுற்றி நீலப் பேனாவால் புள்ளி புள்ளியாக ஒரு கொலுசு. ஏதோ ஒரு சின்னப் பெண், ஆசையாகப் போட்டுவிட்டது. ஓரிடத்தில் மட்டும் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அது என்ன பொம்மை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல வழியில்லை. கீழே விழுந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையில் போட்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் இருந்தாள். திருபுவனையில் கம்பெனி வேலை. கல்யாணமாகி எட்டு வருடம். பிள்ளை வரும்வரை கறி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை என்று வேண்டுதல். அதனால் அவள் வாயில் வைக்கிற பன் என்னுடைய பன் ஒன்றுதான். வாரம் தவறாமல் வாசலில் வாங்கிக்கொண்டு போவாள். மூன்று மாதம் என்று சொல்ல வந்த அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் ‘டிக்’ என்றது. திரும்பிப் பார்த்தாள்.

“அது என்னுதுக்கா.”

அவள் எழுந்து போய்த் தொடாமல் குனிந்து பார்த்தாள். “சின்னதுல நான் வச்சி வெளயாண்டது. கொலுசு நான்தான் போட்டேன். மரத்துல கட்டிட்டு வந்தேன்.”

“கீழ விழுந்து கெடந்திச்சு” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “மாசமா இருக்கறப்ப நான் அந்த மரத்தாண்ட போவக் கூடாதாம். எடுத்த கையாலயே நீங்களே கட்டிடுங்கக்கா. கொழந்த பொறக்கற வரிக்கும் அது அங்க இருக்கணும்” என்றாள். சரி என்றேன்.

இனி எழுதப்போவதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. அதே அச்சில் வார்த்த இன்னொரு பொம்மை என்னிடம் இருந்தது. சண்டே மார்க்கெட்டில் ஒரு மொத்தக் குவியலோடு வந்தது. எந்தப் பிள்ளையும் தொடாதது, அதனால் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. அதை எடுத்து மடியில் படுக்கவைத்து, நீலப் பேனாவால் கொலுசு போட்டேன். ஒரு புள்ளியை விட்டேன். விரலால் லேசாகத் தேய்த்துப் பழசாக்கினேன். மறுநாள் அறுந்த கயிற்றை முடிந்து, தொட்டிலில் அதைப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். வேண்டுதல், தொட்டில் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. மரத்தில் எது தொங்கினால் என்ன என்று நினைத்தேன். வைக்கோல் கன்றுக்காகத் தெருவில் நின்று ஒரு மனிதரை வைதவள் நான்.

அதற்குப் பிறகு ஓவன் போட்டால் எல்லாப் பொம்மைகளும் கண் திறந்தன. அவள் பொம்மை மட்டும் திறக்கவில்லை. இமைக்கு எண்ணெய் விட்டேன். ஓவனுக்கு நெருக்கமாக வைத்தும் பார்த்தேன். தூங்குகிற பிள்ளையின் முகம்போல் இருந்தது. அறைக்குள் வரும்போது சத்தம் போடாமல் நடக்க ஆரம்பித்துவிட்டேன். அதை நானே கவனிக்கச் சில வாரங்கள் ஆயின.

ஏழாம் மாதம், ஒரு முற்பகல், மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள். உதிரம் படுகிறதாம், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்களாம். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பொம்ம அங்கதான இருக்குதுக்கா?”

“இருக்குதுடி” என்றேன்.

கையில் மாவோடு அலமாரியைப் பார்த்தேன். அது கண் மூடி இருந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்தது பயம், வேறு ஒன்றும் இல்லை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

உச்சி வெயில். கொல்லையில் ஆள் நடமாட்டமே இல்லை. கரும்புத் தோகை அசையவில்லை. தொட்டிலிலிருந்து நான் கட்டியதை எடுத்தேன். நான்கு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை. எறும்பு ஏறியிருந்ததால் அதைப் பையின் மேல் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே மற்றதையும் கிடத்தி, தொட்டில் துணியை அவிழ்த்து உதறினேன். அவ்வளவு நேரம்தான். திரும்பிப் பார்த்தால் இரண்டும் கண் திறந்திருந்தன.

எது எதுவென்று தெரியவில்லை.

கொலுசைப் பார்த்தேன். புள்ளிகளை எண்ணினேன், இரண்டிலும் சமம். விட்டுப்போன இடமும் ஒன்றே. தூக்கிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். என் கையில் இருந்த மாவு இப்போது இரண்டின் மேலும் ஒட்டியிருந்தது. முப்பது வருடமாகப் பொம்மை சேர்ப்பவள், என் கையால் எழுதிய மையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெயிலில் நின்று தேம்பினேன். பிறகு இரண்டையும் ஒரே தொட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துக் கட்டினேன். எதை வேண்டினேன் என்று ஞாபகமில்லை. ஏதோ வேண்டினேன், நான்.

உதிரம் நின்றது. எட்டு மாதம் முடிந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. சின்னதாக, ஆனால் நன்றாக இருந்தது. மூன்றாம் மாதம் தொட்டிலை அவிழ்க்கப் போகும்போது அவள் என்னையும் கூப்பிட்டாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். மரத்தடியில் குழந்தையை என் கையில் கொடுத்தாள். முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தாள்.

“ரெண்டு இருக்குது.”

அடுக்கியதையெல்லாம் விட்டுவிட்டு, குழந்தையின் துணியைச் சரிசெய்தேன். அவள் காலையும் பார்க்கவில்லை, கொலுசையும் பார்க்கவில்லை. ஒன்றைத் தயங்காமல் எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அது சரியானதுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மற்றதை நேராகப் படுக்கவைத்து, துணியை மார்புவரை இழுத்துவிட்டு, கயிற்றைத் திரும்பவும் முடிந்தாள்.

“இது நீங்க ஒங்களுக்குன்னு கட்டுனதாக்கா?”

குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. என் திருட்டை மறைக்கத்தான் ஆமாம் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அது பொய்யாக இல்லை. இருபது வருடமாக ஊர் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், ஒரு குழந்தையின் கனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை.

“அப்ப நீங்கதான் வந்து அவுக்கணும்” என்றாள்.

எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. அதை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.