ஏழு மணிக்குக் கரை திரும்பிய படகு

போன கிழமை எனக்கு ஒரு பார்சல் வர இருந்தது. இணையத்தில் சொல்லி வைத்த ஒரு சோடிச் செருப்பு, வேறொன்றுமில்லை. மத்தியானம் கைபேசி கிணுங்கியது. "உங்கள் பொதி கையளிக்கப்பட்டது." வாசலுக்குப் போய்ப் பார்த்தால் கேற்றடியில் பக்கத்து வீட்டு நாய்தான் படுத்திருந்தது. மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னேரம் அந்தப் பொதி வந்து சேர்ந்தது. ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. செருப்புக்கு இவ்வளவு பயப்படுகிற ஆளை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

செருப்பு என்றால் எனக்கு நினைவில் வருவது ஊர்காவற்றுறைக் கரையில் நின்ற ஒரு பூவரசு. கடலுக்குப் போகிறவர்கள் செருப்பை அதன் அடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் படகில் ஏறுவார்கள். விடிந்து திரும்பி வந்ததும் காலில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வெயில் ஏறின பிறகும் ஒரு சோடி அங்கே கிடந்தால் அதற்கு உரியவன் இன்னும் கடலில் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்பதில்லை. தண்ணீர் அள்ளப் போகிற பெண்கள் மரத்தடியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு நடப்பார்கள். சோடி கிடந்தால் உடனே இரண்டு படகுகள் தேடப் புறப்படும்.

இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, சரவணை தாண்டி, மோட்டார்சைக்கிளில் போய் இறங்கியபோது எனக்குத் தெரிந்தது கருவாட்டு மணமும் டீசல் மணமும்தான். கழுத்தில் டை வேறு கட்டியிருந்தேன். கடற்காற்று அதைத் தூக்கி என் முகத்திலேயே அடித்தது. மீன்பிடிச் சங்கத்துக்குக் கணினி மென்பொருள் செய்து கொடுக்க வந்த பெரிய மனிதன் நான்.

உண்மையில் பெரிய மனிதர் ரூபன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் சின்னக் கம்பனி வைத்திருந்தார், நான் அவரிடம் புதிதாகச் சேர்ந்தவன். முன்பெல்லாம் ஒரு கடைக்கு மென்பொருள் செய்வதென்றால் ஒவ்வொரு திரையையும் கையால் எழுத வேண்டும், மாதக்கணக்கில் இழுபடும். பிறகு ரூபன் அண்ணை தரவுத்தள முகாமை அமைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு என்ன என்ன விபரம் வேண்டும் என்று அட்டவணைகளாக வரைந்து கொடுத்தால் போதும், நிரப்புகிற திரைகளையும் அறிக்கைகளையும் அதுவே செய்து தரும். விதிகளையும் அதற்குள்ளேயே எழுதிவிடலாம். இந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது, இந்த நேரம் கடந்தால் நிலையை இப்படி மாற்று, மாற்றியதும் இன்னாருக்குச் செய்தி அனுப்பு. ஒரு வரி எழுதினால் காலத்துக்கும் அது தன் பாட்டில் நடக்கும். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

சங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர் ரெஜினா அக்கா. அவருடைய கணவர் சவிரி அண்ணை கடலுக்குப் போகிறவர். அக்கா தட்டச்சு கெட்டிக்காரி, திரையை ஒரு நாளில் பிடித்துக்கொண்டார். ஒரு கட்டத்தில் மட்டும் கை நின்றது. "திரும்பும் நேரம்" என்று ரூபன் அண்ணை வைத்திருந்த கட்டாயக் கட்டம். அதை நிரப்பாவிட்டால் படகு புறப்பட்டதாகப் பதிய முடியாது.

"தம்பி, கடலுக்குப் போறவையிட்டை எப்ப வருவியள் எண்டு கேக்கிறேல்லை," என்றார் அக்கா. "கேட்டால் வராது. எங்கடை அப்பு காலத்திலயிருந்து ஒருத்தரும் கேக்கிறேல்லை."

ரூபன் அண்ணைக்கும் நியாயம் இருந்தது. "எப்ப வரும் எண்டு தெரியாட்டி எப்பிடி அக்கா தேடுறது? உங்கடை ஆக்களின்ரை பாதுகாப்புக்குத்தானே வைச்சனான்."

அன்று பின்னேரம் சவிரி அண்ணை படகுக்குச் சங்கத்தில் எண்ணெய் எடுக்கக் கானோடு வந்து நின்றார். அக்கா தன் கணவரின் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. குனிந்து, காலை ஏழு மணி என்று அடித்தார். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் ஏழு மணி. அன்று தொடங்கி எல்லாப் படகுகளுக்கும் ஏழு மணிதான்.

அடுத்த சிக்கல் காலையில் வந்தது. கரைக்கு வந்தவர்கள் நேரே மீன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். யார் கந்தோருக்கு ஏறி வந்து "வந்திட்டன்" என்று சொல்வது? திரையில் எல்லாப் படகும் கடலிலேயே நின்றது. கடலில் நிற்கிற படகுக்கு எண்ணெய் கொடுக்க அமைப்பு விடாது. பின்னேரம் கந்தோர் வாசலில் ஒரே சத்தம். சங்கத் தலைவர் ரூபன் அண்ணையைப் பிடித்துக்கொண்டார். அண்ணை நின்ற நிலையிலேயே ஒரு வரி எழுதினார். திரும்பும் நேரம் கடந்தால் படகு திரும்பியதாக மாற்று. அதோடு வீட்டாருக்கு ஒரு குறுஞ்செய்தியும் போகட்டும் என்றார். "உங்கள் படகு கரை திரும்பியது. நன்றி." அந்த நன்றி என்னுடைய யோசனை. சோதித்துப் பார்க்கவென்று என் இலக்கத்தையும் சவிரி அண்ணையின் படகோடு சேர்த்து வைத்தோம். எண்ணெய் வரிசை மளமளவென்று நகர்ந்தது. தலைவர் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

நானும் ஒரு போத்தலை வாங்கிக் குடித்தேன்.

இந்தக் கணினி வேலையின் திறப்பு விழாவுக்குப் பெரியவர்கள் வருகிறார்கள் என்று கரையைக் கூட்டித் துப்புரவாக்கினார்கள். மரத்தடியில் செருப்புக் கிடப்பது பார்க்க வடிவில்லை என்று தலைவர் சொன்னார். அன்றைக்கு மட்டும் என்றுதான் செருப்பைப் படகுக்குள் கொண்டு போனார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது. செய்திதான் வருகிறதே, இனி மரத்தடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

வாடைக் காற்று எழும்பியிருந்த ஒரு நாள். நான் ஏதோ அறிக்கை எடுக்கப் போயிருந்தேன். ஏழு மணிக்கு அக்காவின் கைபேசியும் என்னுடையதும் ஒன்றாகக் கிணுங்கின. அக்கா பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். ஒன்பது மணி போல சவிரி அண்ணையின் மச்சான் எட்டிப் பார்த்தார்.

"அத்தான் வந்திட்டாரே? ஏலத்தில காணேல்லை."

"ஓம், வந்திட்டார். மெசேஜ் வந்தது," என்று அக்கா கைபேசியைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஏழு மணியை முந்தின நாள் பின்னேரம் அடித்தது அக்காவின் விரல்தான். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும். நானும் அந்தத் திரையைப் பார்த்து, வந்திருப்பார் என்றுதான் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மத்தியானம் அக்கா சோற்றுப் பொதியை அவிழ்த்தார். ஒரு வாய் வைத்தார். அப்படியே எழும்பி வெளியே போய்ப் பூவரசடியில் நின்றார். அங்கே ஒன்றும் இல்லை. கூட்டின நிலம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"தம்பி," என்றார், திரும்பாமலே. "இவர் வரேல்லை."

தேடப் படகுகள் புறப்பட்டபோது காற்று நன்றாக ஏறிவிட்டது. நெடுந்தீவுப் பக்கம் வரைக்கும் போய்த் தேடினார்கள். நாட்கணக்கில் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை. காலையிலேயே போயிருந்தால் அகப்பட்டிருப்பாரா என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ரூபன் அண்ணை அந்த வரியை அழித்துவிடுகிறேன் என்றார். எண்ணெய் வரிசைக்கு என்ன செய்வது என்று தலைவர் கேட்டார். வரி இருந்தது.

நான் அந்தக் கம்பனியை விட்டு வேறு வேலைக்குப் போனேன். ஒரு நாள் காலை, ஏழு மணிக்கு, என் கைபேசி கிணுங்கியது. "உங்கள் படகு கரை திரும்பியது. நன்றி." உடனே அக்காவுக்கு அழைத்தேன்.

"நான்தான் தம்பி அடிக்கிறனான்," என்றார் மிகச் சாதாரணமாக. "பின்னேரத்தில எல்லாரின்ரை படகையும் பதியேக்குள்ள இவரின்ரை படகையும் பதிஞ்சு விடுவன். காலமை வந்திடும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் இலக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு நாள் தவறாமல் அந்தச் செய்தி வந்தது. பல் துலக்கும்போது வரும், மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்போது வரும். முதலில் பயமாக இருந்தது. பிறகு பழகியது. அப்படிப் பழகியதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இந்த வருடம் அது நின்றுவிட்டது. நான் அக்காவுக்கு எடுத்தேன். சங்கத்துக்குப் புது மென்பொருள் போட்டிருக்கிறார்களாம். படகு எங்கே நிற்கிறது என்று அதுவே வரைபடத்தில் காட்டுமாம், நேரமும் கேட்காதாம். இறங்குதுறைக்குப் பாதை போட்டபோது பூவரசையும் தறித்துவிட்டார்களாம்.

"பழசில இருந்ததுகளைப் புதுசுக்கு மாத்தினவை," என்றார் அக்கா. "கரையில நிக்கிற படகுகளை மட்டுந்தான் ஏத்தினவை, தம்பி. இவரின்ரை பேரைத் தட்டினால் அப்பிடி ஒரு படகு இல்லையாம் எண்டு வருது."

அவருடைய பக்கத்தில் காற்று இரைவது கேட்டது.

"உமக்கும் இப்ப மெசேஜ் வாறேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா," என்றேன்.