மொமென்டோ என்றால் பொறு

சுனில்டா கபான்யாஸ் என் கடையில் பதினான்கு வருஷம் நகம் தீட்டினாள். எங்கள் எங்கார்னசியோன் ஊரில் அவள் கைக்கு விரல் நீட்டாத பெண்கள் குறைவு. அம்மாவுக்குத் துணையாக ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவள், "நான் நர்ஸ் ஆகப்போறேங்கா" என்றாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமைப் பள்ளியில் சேர்ந்து, விட்டுப்போன பாடங்களை ஒவ்வொன்றாக முடித்தாள். வேதியியல் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவையும் போனால் அவ்வளவுதான், அதற்குமேல் எழுத விடமாட்டார்கள்.

மறைப்பானேன்? அவள் தோற்றால் தேவலை என்றுதான் எனக்கு இருந்தது. அவள் போய்விட்டால் கடையில் பாதி கூட்டம் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, காலையில் யாரோடு உட்கார்ந்து ஐஸ் தண்ணீர் ஊற்றிய தெரெரே இலைத் தேநீர் குடிப்பது?

கடைசி மாதம் முழுக்க நகத்தை ராவிக்கொண்டே பாடத்தை முணுமுணுத்தாள். ஒரு நாள் அசிட்டோன் பாட்டிலை என் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இங்க பாருக்கா. முனைவுங்கிறது ஒரு மூலக்கூறோட குணம். ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், மறுபக்கம் கொஞ்சம் மைனஸ். ஒத்தையா இருந்தாலும் அந்தக் குணம் இருக்கும். ஈர்ப்புக்குத்தான் பக்கத்துல இன்னொண்ணு வேணும். இதோட பிளஸ் அதோட மைனஸைப் புடிச்சுக்கும்."

"அப்போ நீ தனியா இருந்தாலும் வாயாடிதான். சண்டை போடத்தான் நான் வேணும். அப்படித்தானே?"

"அதேதான்! ரெண்டும் ஒண்ணுன்னு உளறித்தான் ரெண்டு தடவையும் கோட்டை விட்டேன்."

டிசம்பரில், எங்கள் ஊர்க் கோடையில், வாய்மொழித் தேர்வு. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான் ஐஸ் தண்ணீர்க் கூஜாவோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இன்ஸ்ஃப்ரான் என்ற வாத்தியார். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியைப் பிள்ளைகள் வாயிலிருந்து வரவழைக்கிற ஆள்.

"ம், மொமென்டோ...?" என்று இழுத்தார்.

சுனில்டா கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். மின்விசிறி மட்டும் கரகரத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடியும், "மொமென்டோ...?" என்றார்.

"சரிங்க சார்" என்று மரியாதையாகத் தலையாட்டினாள்.

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முனைவை அளக்கிற அளவுக்கு 'மொமென்டோ டிபொலார்' என்று பெயர். ஒரு மாதமாகக் காது புளிக்கக் கேட்டவள் நான். ஆனால் எங்கள் ஊரில் நாளைக்கு நூறு தடவை சொல்கிற மொமென்டோவுக்கு, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். பயத்தில் இருந்தவள் காதில் அதுதான் விழுந்திருக்கிறது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சுனில்டா எனக்குத்தான். அப்படி நினைத்ததும் உண்மை. ஆனால் அவள் முதுகு விறைப்பாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்திருந்ததைப் பார்த்ததும் கூஜாவைக் கீழே வைத்தேன். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

"சார், அவ தெரியாம உக்காந்திருக்கலை. நீங்க பொறுக்கச் சொன்னீங்கன்னு உக்காந்திருக்கா!"

"நீங்க யாரும்மா?"

"அவளோட முதலாளி."

வாத்தியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "வெளிய போய் உக்காருங்க. ஏம்மா, முழுசாவே கேக்கறேன். முனைவை எதை வெச்சு அளப்போம்? அசிட்டோனும் பியூட்டேனும் ஏறக்குறைய ஒரே எடை. ஒண்ணு திரவம், ஒண்ணு வாயு. ஏன்?"

மடை திறந்துவிட்டது. "மொமென்டோ டிபொலார் சார்! அசிட்டோன்ல ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கும். முனை உண்டாயிருது. அதனால ஒண்ணையொண்ணு கெட்டியா புடிச்சுக்கிட்டுக் கிடக்கு. பியூட்டேனுக்கு முனைவு இல்லாத மாதிரிதான், பிடி லேசு. சிலிண்டரைத் திறந்ததும் ஓடிருது."

ஐந்துக்கு இரண்டு வாங்கினாலே தேர்ச்சி. மூன்று வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன்.

"நான் பாஸாயிட்டேன், நீ ஏங்கா அழுற?"

"ஆள் தேவைன்னு எழுதி ஒட்டணுமேடி. அதை நினைச்சேன்."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். என் தோளிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.