பதினோரு நிமிட விருந்தாளி

அலுவலகத்தில் அவனுக்கு சென்சஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. படகு கம்பெனியின் வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எங்கிருந்து வெளியேறுகிறார்கள் என்று எண்ணிச் சொல்வது அவன் வேலை. வாசலில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர் வருகிறவரை எண்ணினால் வெட்டிப்பயல் என்பார்கள். அதையே ஸ்கிரீனில் செய்தால் மாதச் சம்பளம்.

அக்கா வீட்டின் பின்னறையில் குடியிருந்தான். அக்கா ஏரிக்கு அக்கரையில் உள்ள ஆஸ்பத்திரியில் தற்காலிக உதவியாளர். அடுத்தவர் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் தம்பியைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவனுக்கு இப்போது மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும்.

வெப்சைட்டில் ஒரு பக்கம் இருந்தது. படமில்லை, பகட்டில்லை. விடிவதற்கு முன்பே படகுத்துறை கிளார்க் காற்றைப் பார்த்துவிட்டு அதில் ஒரே ஒரு வரி போடுவார். இன்று படகு உண்டு, அல்லது இன்று படகு இல்லை. இல்லை என்றால் ஜனங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏரியைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

சென்சஸின் கண்ணுக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் மானத்தை வாங்கியது. வருகிறவர்கள் நான்கு நொடி நின்றுவிட்டு, வேறு எதையும் தொடாமல் வந்த வழியே ஓடினார்கள். சுவரில் எறிந்த பந்து மாதிரி. தொழிலிலும் இதற்கு பவுன்ஸ் என்றுதான் பெயர். பவுன்ஸ் அதிகமென்றால் சரக்கு மட்டம் என்று அவன் படித்திருந்தான். எந்தச் சரக்குக்காக வந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்திருக்கும். அன்றைக்குத் தூங்கியிருப்பான்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைத் தூக்கினான். கிளார்க்கிடம், அந்த வரியை இனி படகுத்துறைப் பலகையில் எழுதினால் போதும் என்றான்.

"எனக்கு ஒரு வேலை மிச்சம் தம்பி. ஆனா பலகையப் பாக்கத் துறைக்கில்ல வரணும்?"

"வரட்டும் சார். ரெண்டு டீயாவது விக்கும்."

அக்காவுக்கு இது தெரியாது. அந்த வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அக்கரை ஆஸ்பத்திரியில் அவளை நிரந்தரமாக்கும் தேர்வு. எப்போதோ ஒருமுறை வருவது. நேரம் தாண்டினால் கதவை மூடிவிடுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, "கலக்கிடுவக்கா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குத் தயாராகப் பின்னறைக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அவன் ராஜா. பக்கத்தை எடுத்த நாலே நாளில், ஜனங்கள் வெப்சைட்டில் தங்கும் நேரம் மளமளவென்று ஏறியிருந்தது. போதாததற்கு, அன்று காலை வந்த ஒரு விருந்தாளியின் தடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினான்.

"யாருன்னு தெரியாது சார், பேர் காட்டாது. ஆனா போன்ல வந்து, பதினோரு நிமிஷம் நம்மகிட்ட இருந்திருக்காரு."

"பதினோரு நிமிஷமா? என் சம்சாரமே என்கிட்ட அவ்வளவு நேரம் பேசறதில்லையேப்பா" என்றார் மேலாளர்.

முதலில் போட்டோக்கள். பிறகு பிறந்தநாளுக்குப் படகு வாடகை. பிறகு கம்பெனி வரலாறு. மறுபடி பிறந்தநாள் படகு.

"ரெண்டு தடவ பிறந்தநாள் படகப் பாத்திருக்காருன்னா ஆள் விழுந்துட்டாருன்னு அர்த்தம் சார்."

அறை சிரித்தது. இந்த மாதிரி ஆட்கள்தான் நமக்கு வேண்டும் என்று மேலாளர் மேசையைத் தட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா இஸ்திரி கலைந்த சேலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிக்கா எழுதின?"

"எங்க எழுதறது? உள்ளயே விடல. துறைக்குப் போனப்புறந்தான் படகு இல்லன்னு தெரிஞ்சுது. பஸ்ஸப் பிடிச்சு சுத்திப் போறதுக்குள்ள கதவ மூடிட்டாங்க."

"கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல பாத்திருக்கலாம்ல" என்றார் அத்தான்.

"பாக்காமலா? அந்தப் பக்கத்தையே காணோம். எங்கயாவது மாத்தி வச்சிருப்பாங்கன்னு ஒண்ணொண்ணா தட்டித் தட்டிப் பாத்தேன். போட்டோ வருது. பிறந்தநாளுக்குப் படகு விடறாங்களாம், அது வருது. கம்பெனி வரலாறு வருது, மொதலாளி தாத்தா மீசையோட. சரின்னு வேற எங்கயோ அமுக்கினா திரும்பவும் பிறந்தநாளு. எனக்கு இப்ப அது ஒண்ணுதான் கொறச்சல்."

சென்சஸ் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"என்னை எழுப்பியிருக்கலாமேக்கா."

"மீட்டிங் இருக்குன்னு ராத்திரி முழிச்சிருந்தியே. தூங்கற பிள்ளைய எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்." பிறகு சொன்னாள்: "எவன் அத எடுத்தான்னு உங்க ஆபீஸ்ல விசாரிடா. கையில கிடைச்சா நாலு வார்த்த கேக்கணும்."

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். அந்த வழி அவனுக்கும் தெரிந்தது. ஒரு கணம் அதில் காலும் வைத்துப் பார்த்தான்.

"நான்தான்க்கா எடுத்தேன்."

"எதுக்கு?"

"எல்லாரும் நாலு நொடிதான் பாத்தாங்க."

"உண்டு, இல்லைன்னு படிக்க எவ்வளவு நேரம்டா ஆகும்?"

குரலை உயர்த்தவில்லை. கேட்க நினைத்த நாலு வார்த்தையில் மிச்சத்தைக் கேட்கவும் இல்லை. எழுந்து போய் அவனுக்குத் தட்டு வைத்தாள். திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட்டுவிட்டு மேலாளர் முன்னால் போய் நின்றான்.

"ஏறின நேரமெல்லாம் விழுந்துடுமேய்யா?"

"விழட்டும் சார். அதெல்லாம் தேடித் தவிச்ச நேரம்."

"அப்ப அந்தப் பதினோரு நிமிஷக்காரரு?"

"அது எங்கக்கா சார்."

"அடடே. யாருக்குப் பிறந்தநாள்?"

அடுத்த தேர்வு எப்போது என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா அதே தற்காலிக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வருகிறாள். தம்பியோடு பேசுகிறாள், கேட்டதற்கு மட்டும். தினமும் அலுவலகத்துக்குப் போனதும் அவன் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறான். நான்கு நொடிக்காரர்கள் கும்பலாக வந்து போயிருப்பார்கள். அதில் எது அக்கா என்று அவன் படித்த எந்த வித்தையும் சொல்வதில்லை.

காற்று பலமாக அடித்த ஒரு விடியலில் அவளுக்கு முன்பே எழுந்து, கிளார்க்குக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, கூடத்தில் காத்திருந்தான். அக்கா பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்குப் படகு இல்லக்கா."

"தெரியும்" என்றாள் அக்கா. "பாத்துட்டேன்."

பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.