படுத்திருக்கும் நிலம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறேன். ஊர் ஜவ்வாது மலை மேலே. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு கொத்துக்காடு இருக்கிறது. அங்கே ஏர் ஏறாது. கொத்தித்தான் சாமை விதைக்க வேண்டும். சில வருஷம் விதைத்தால் சில வருஷம் சும்மா விடுவோம். புதர் முளைத்து இலை கொட்டினால்தான் மண்ணுக்குத் தெம்பு வரும். நிலம் படுத்திருக்கிறது என்போம்.

வெள்ளைக்காரன் மலையை அளந்தபோது பயிர் நின்ற இடத்தை எங்களுக்கு எழுதினான். படுத்திருந்த நிலத்தையெல்லாம் காடு என்று சர்க்காருக்கு எழுதிக்கொண்டான். அந்தக் காட்டின் கொன்னைப்பட்டையைக் கான்ட்ராக்டர்கள் ஏலம் எடுத்து, தோல் பதனிட டேனரிகளுக்கு இறக்கினார்கள். எங்களுக்குக் கிடைத்தது தலைச்சுமைக் கூலி. வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் போட்ட கோடு போகவில்லை.

இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. காட்டுக்குள் நாங்கள் காலம்காலமாக விவசாயம் செய்கிற நிலத்துக்கு உரிமை கேட்கலாம். கேட்டோம். இடத்தைப் பார்க்க ஆள் வருகிறது என்றதும் லீவு போட்டு மலை ஏறினேன். கொத்துக்காட்டில் இடுப்பளவு புதர். உடனே வெட்டிக் கொத்திவிடலாம் என்றேன். இன்னும் இரண்டு வருஷம் போகணும் என்றாள் அம்மா. நான் கத்தினேன். அவள் அசையவில்லை.

ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். இங்கே யார் பயிர் வைக்கிறார்கள் என்று கேட்டார்.

"நாங்கதான் சார். இப்ப அது படுத்துக்கினு கீது" என்றாள் அம்மா.

"பயிர் இல்லன்னா காடுன்னுதானேம்மா எழுத முடியும்?"

"நீ படுத்துத் தூங்குற. அதுக்கோசரம் உன் வூட்ட வேற ஆளு பேருக்கு எழுதிடுவாங்களா சார்?"

கூட வந்தவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்காலத்தில் மறுபடி வருகிறேன், பயிர் என்று எதையாவது காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் இறங்கிப் போனார்.

புதரை வெட்டினால் காட்டை அழித்ததாகக் கேஸ். வெட்டாவிட்டால் காடு. நான் வெட்டினேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்குறத எழுப்பி வேல வாங்குற. உன் கம்பெனியில கத்துக்கினியா?"

முதல் மழை ஈரத்தில் சாமையை விதைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

சாமை முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. பெரியவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, இது போதும் என்றாராம். பட்டா அம்மா பேருக்கு வந்துவிட்டது. எங்கள் நிலத்தை எங்களுக்கே கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம்.

அந்தச் சாமையை அம்மா உலையில் போடவில்லை. கோழிகளுக்கு இறைத்துவிட்டாள். இந்த வருஷம் கொத்துக்காட்டை மறுபடி படுக்க விட்டிருக்கிறாள். பட்டா கையில் இருக்கும்போது இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.